முந்தின நாள் போட்ட சிவப்புக் கோடு

சிவப்பு மையில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவதில் என்னை மிஞ்ச எங்கள் பள்ளியில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன், இருக்கட்டுமே. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்தவள் வேறு எதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வது?

போன மழைக்காலத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போன் செய்தாள். பள்ளியில் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கிற மெஷின் வந்துவிட்டது. கலெக்டர் மழைக்கு லீவு விட்ட ஒரு நாளில் ஸ்வீப்பர் அம்மா வந்து விரல் வைத்திருக்கிறாள். மெஷின் அவள் வந்தாள் என்கிறது, கம்ப்யூட்டர் அன்றைக்கு லீவு என்கிறது. “சேச்சி, இத எப்படித் திருத்துறது?” என்று கேட்டாள். “திருத்தாதே! விரல் வெச்சது வெச்சபடியே கெடக்கட்டும், நீ கைய வெச்சே, தொலைஞ்சே!” என்று கத்திவிட்டேன். பாவம், அவள் மிரண்டுபோய் போனை வைத்துவிட்டாள். எதற்காகக் கத்தினேன் என்று போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது.

நான் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் ஆனது எல்லாம் மட்டாஞ்சேரிதான். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம். டைப்ரைட்டிங் பாஸ் செய்த கையோடு இந்தத் தனியார் பள்ளியில் சேர்ந்தேன். சேர்ந்த முதல் மூன்று வருஷம் பீஸ் ரசீது எழுதினேன், திட்டு வாங்கினேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருகை ரெஜிஸ்டர் என் கைக்கு வந்தது. ஓய்வு பெறும் வருஷம்வரை வேறு யாரையும் அதைத் தொடவிட்டதில்லை.

அதற்கு ஒரு முறை உண்டு. முதல் பக்கங்கள் டீச்சர்களுக்கு. அப்புறம் ஆபீஸ். கடைசிப் பக்கம் டிரைவர், ஆயா, ஸ்வீப்பர். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கட்டம். காலை ஒன்பதேகாலுக்கு ரெஜிஸ்டரை என் மேஜைக்கு இழுத்துவிடுவேன். அதற்குப் பின் வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மாசம் பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மொத்தமாகச் சிவப்புக் கோடு இழுத்து வைத்துவிடுவேன். மழை லீவுதான் தொந்தரவு. கலெக்டர் அதை முந்தின நாள் சாயங்காலம் அறிவிப்பார். ஒரு தடவை, லீவு நாளின் கட்டத்தில் ஒரு டீச்சர் ஞாபகப்பிசகாக மறுநாள் கையெழுத்தைப் போட்டு, ஆடிட்டில் பெரிய ரகளையாகிவிட்டது. அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். லீவு என்று செய்தி வந்த நிமிஷமே, வீட்டுக்குக் கிளம்பும் முன், மறுநாள் கட்டத்துக்கு எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழே ஒரே கோடு இழுத்து ‘ஹாலிடே’ என்று எழுதிவிடுவேன். கடைசிப் பக்கத்துக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் கடைசிப் பக்கத்துக்காரர்களில் ஒருத்திக்கு மழை லீவு கிடையாது. அவள் ராசாத்தி, எங்கள் ஸ்வீப்பர். எங்கள் பள்ளியின் முன்கட்டு பழைய ஓட்டுக் கட்டடம். ஓட்டின் விளிம்போடு தண்ணீர் ஓடுகிற பாத்தியில் மாவிலை அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் உள்பக்கமாக வழிந்து நேரே கம்ப்யூட்டர் ரூமுக்குள் இறங்கும். மழையும் வேலியேற்றமும், அதாவது கடல் ஏறி வருவதும், ஒன்றாக வந்துவிட்டால் காயல் தண்ணீர் கேட்டுக்குள்ளேயே வந்துவிடும். அதனால் லீவு அன்று காலையில் ராசாத்தி வந்து கதவு திறந்து பார்த்து, தண்ணீரைத் தள்ளி, பாத்தியைச் சுத்தம் செய்துவிட்டுப் போவாள். கையெழுத்து கிடையாது, அதுதான் நான் கோடு போட்டுவிட்டேனே! அதற்குப் பதிலாக ஓணம் சமயத்தில் ஒரு நாள் முன்னதாகப் போகலாம். இதெல்லாம் வாய்ப்பேச்சு. எங்கேயும் எழுத்தில் இல்லை.

ராசாத்திக்கும் பூர்வீகம் தமிழ்தான். அவள் மாமனார் காலத்திலிருந்து முனிசிபாலிட்டி வேலைக்காரக் குடும்பம். என்னைவிடப் பத்து வயசு சின்னவள், வாய் மட்டும் என்னைவிடப் பெரிசு. நான் முறைத்தால் எல்லா டீச்சரும் தலைகுனிவார்கள், அவள் மட்டும் “என்னக்கா, காலையிலயே கண்ணு செவந்திருக்கு, மாமாவோட சண்டையா?” என்பாள். மத்தியானம் நானும் அவளும் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். அவள் கொண்டுவருகிற மீன்குழம்புக்காக நான் வெறும் சோறும் கப்பைக் கிழங்கும் மட்டும் கொண்டுபோன நாட்கள் உண்டு.

இனி எங்கள் மேனேஜர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியை நடத்துகிற கமிட்டிக்கு அவர்தான் எல்லாம். நல்ல வெள்ளை முண்டு, மடிப்புக் கலையாத சட்டை. குரல் உயர்ந்து ஒரு நாளும் கேட்டதில்லை. பேசுமுன் கண்ணாடியைக் கழற்றி முண்டின் நுனியால் துடைப்பார். பென்சிலைப் பைலின் விளிம்போடு ஒட்டி நேராக வைப்பார். அப்புறம்தான் வாயைத் திறப்பார். முப்பது வருஷத்தில் அவர் எனக்கு ஒரு உத்தரவுகூடப் போட்டதில்லை என்றால் நம்புவீர்களா? எல்லாமே கேள்விதான். “இந்தப் பைல் இன்னிக்குப் போகுமாயிரிக்கும், அல்லே?” என்பார். ‘அல்லே’ என்றால் ‘இல்லையா’. ஆனால் போயே ஆக வேண்டும் என்று அர்த்தம். ‘செய்’ என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அதை மரியாதை என்று நினைத்து ரொம்ப நாள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன், மண்டு!

அந்தக் கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடி மாசத்தில், மூன்று நாளாக விடாத மழை. சாயங்காலம் நாலரைக்கு மறுநாள் லீவு என்று செய்தி வந்தது. நான் ரெஜிஸ்டரை விரித்து ஸ்கேலை எடுத்தேன். மேனேஜர் சார் கிளம்புகிறவர் என் அறை வாசலில் நின்று, குடையை விரித்தபடி, “ராசாத்தி நாளெ வருமாயிரிக்கும், அல்லே?” என்றார். “வருவா சார்” என்றேன். போய்விட்டார்.

நான் கோடு போட்டேன். கடைசிப் பக்கத்தில் கோடு போடும்போது ராசாத்தி பக்கத்திலேயே துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எனக்கு மட்டும் இந்தக் கோடு ஒரு கேடா?” என்று சிரித்தாள். மையை ஊதிக் காயவைத்துக்கொண்டே கேட் சாவியையும் கட்டடச் சாவியையும் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். “ஆறரைக்கெல்லாம் வந்துடுடீ. பாத்தியில இலை அடைச்சிருக்கு பாரு, பெஞ்சு போட்டு ஏறி எடுத்துடு” என்றேன். ஏணி அந்த வாரம் பெயின்டர் வீட்டில் இருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் பெஞ்சு என்று சொன்னேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு, பள்ளிக்கு எதிரே சாயாக்கடை வைத்திருப்பவர் போன் செய்தார். ஈரத்தில் பெஞ்சு வழுக்கி, ராசாத்தி சிமெண்ட் தரையில் இடுப்படிபட விழுந்து கிடந்தாள். அவர் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது எழுந்து உட்கார முயற்சி செய்துகொண்டிருந்தாளாம். இடுப்பெலும்பு முறிவு, வலது மணிக்கட்டு முறிவு. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள் என்னைப் பார்த்ததும், “அக்கா, பாத்தியில பாதிதான் எடுத்தேன். மீதி அப்படியே கெடக்கு” என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதேன். அழுதால் மட்டும் ஆச்சா?

ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். இனி அவளால் குந்த முடியாது, குனிந்து பெருக்க முடியாது, வாளி தூக்க முடியாது. பெருக்குகிறவளுக்கு இவை மூன்றும் இல்லாவிட்டால் பிறகு என்ன இருக்கிறது? புருஷன் போன பிறகு அவள் சம்பாத்தியத்தில்தான் குடும்பம் ஓடியது.

வேலை செய்யும்போது அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடமும் அதில் வரும். ஆனால் அதற்கு ஒரு விஷயம் நிரூபணமாக வேண்டும்: வேலையின் காரணமாக, வேலையின்போது அடிபட்டதா என்பது. நான் விபத்து ரிப்போர்ட் டைப் செய்து கொண்டுபோனேன். ‘பணியில் இருந்தபோது’ என்று எழுதியிருந்தேன். மேனேஜர் சார் கண்ணாடியைத் துடைத்தார். பென்சிலை நேராக்கினார். அந்த வரிக்குக் கீழே லேசாக ஒரு கோடிட்டு, “அன்னு லீவல்லே மோளே?” என்றார். அன்றைக்கு லீவு இல்லையா மகளே என்கிறார். “ரெஜிஸ்டர் அங்ஙனெயல்லே பறயுந்நது?” என்றார். ரெஜிஸ்டர் அப்படித்தான் சொன்னது. என் கையால் சொன்னது. அந்த ரிப்போர்ட் அவர் மேஜையிலேயே தங்கிவிட்டது.

இதில் எனக்குப் பங்கு இல்லை என்று நான் நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். ராத்திரி பகல் பார்த்தேன். சார் கேட்டார், நான் சொன்னேன், அவள் ஏறினாள். சார் வெறும் கேள்வி கேட்டவர். ஏறச் சொன்னவள் நான். இது வெளியே வந்தால் முதலில் என் தலை உருளும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷமும் கொஞ்சமும்தான் இருந்தது. அதோடு என் மகள் அதே பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர், தற்காலிக வேலை. மூன்று வருஷமாக நிரந்தரமாக்குவதற்குக் காத்திருந்தாள்.

ராசாத்தி ஒரு வக்கீலைப் பிடித்துக் கேஸ் கொடுத்தாள். சின்னப் பெண் வக்கீல், கேஸ் ஜெயித்த பிறகு பீஸ் தந்தால் போதும் என்று எடுத்துக்கொண்டவள். எறணாகுளத்தில் நஷ்டஈட்டு கமிஷனர் முன்னால் விசாரணை. நாலைந்து தடவை தள்ளிப்போயிற்று. கடைசியில் சாட்சி விசாரணைக்குத் தேதி விழுந்ததும் மேனேஜர் சார் என்னை அறைக்கு அழைத்தார்.

“உட்காரு மோளே” என்றார். அவர் அறையில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். “அந்தக் கோடு மோள் போட்டதல்லே?”

“ஆமா சார்.”

“அத்ரயே வேண்டூ. சோதிச்சதுக்கு மாத்ரம் உத்தரம்.” கேட்டதற்கு மட்டும் பதில், அது போதும் என்கிறார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “மோள்டெ மோள்க்கு அடுத்த மாசம் கன்ஃபர்மேஷன் அல்லே?” என்றார். என் மகளின் வேலை நிரந்தரமாவதைத்தான் சொல்கிறார்.

அவ்வளவுதான். மிரட்டினாரா? யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 

அந்த ராத்திரி மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மனசுக்குள்ளேயே பதில்களை அடுக்கி வைத்துக்கொண்டேன். கோடு என்னுடையது, சரி. லீவு நாள், சரி. ‘நீங்கள் ராசாத்தியை வரச் சொன்னீர்களா?’ என்று கேட்டால்? இல்லை. ஒரு சொல்தானே. விசாரணைக்குக் கிளம்பின காலையில் கண்ணாடி முன்னால் தலைவாரும்போது ஒரு தடவை சொல்லிக்கூடப் பார்த்தேன்.

கமிஷனர் அறை சின்னது. மேஜை, பைல் கட்டுகள், ஓரத்தில் டைப் செய்கிற பெண், சாட்சி நிற்பதற்கு ஒரு மரக் கைப்பிடி. கமிஷனர் ஒரு அம்மா. ஜலதோஷம் போலிருக்கிறது, பிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். விசாரணை எல்லாம் மலையாளத்தில்தான் நடந்தது. நான் தமிழில் சொல்கிறேன்.

முதலில் ராசாத்தி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார நாற்காலி தந்தார்கள். அவளுடைய வக்கீல், “அன்று உங்களை வேலைக்கு வரச் சொன்னது யார்?” என்று கேட்டாள்.

 ராசாத்தி என் பக்கம் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, “யாரும் சொல்லலை. மழை பெய்தால் வந்து பார்ப்பது வழக்கம். நானே வந்தேன்” என்றாள்.

அவளுடைய வக்கீலே திகைத்துப்போய்விட்டாள். பள்ளி வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஆக, லீவு நாளில், யாரும் அழைக்காமல், நீங்களாக வந்தீர்கள்?” ராசாத்தி தலையாட்டினாள். அவர் திருப்தியாக உட்கார்ந்துவிட்டார். அடுத்து மேனேஜர் சார். அன்று யாரையும் வேலைக்கு வரச் சொல்லவில்லை என்று சத்தியம் செய்து சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அவர் சொன்னது பொய் இல்லை! சொல்லவில்லைதான், கேட்டார். இத்தனை வருஷமும் ஒவ்வொரு சொல்லையும் அவர் எதற்காக அப்படிக் கேள்வியாக்கினார் என்று அந்தச் சாட்சிக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது.

பிறகு என் பேரை வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட்டார்கள். முதல் தடவையே எழுந்துவிட்டேன். இருந்தாலும் மூன்றையும் கூப்பிட்டுத்தான் விட்டார்கள், முறை அப்படி. சத்தியம் வாங்கினார்கள். என் ரெஜிஸ்டரை வாங்கி அட்டையில் சீட்டு ஒட்டி நம்பர் போட்டார்கள். பள்ளி வக்கீல் கேட்க ஆரம்பித்தார்.

“இந்த ரெஜிஸ்டர் யாருடைய கைப்பட இருக்கிறது?”

“என் கை.”

“இந்தத் தேதியில் இருக்கும் சிவப்புக் கோடு?”

“நான் போட்டது.”

“அன்று விடுமுறைதானே?”

“ஆமாம்.”

“மனுதாரரின் கையெழுத்து அந்தக் கட்டத்தில் இருக்கிறதா?”

“இல்லை.”

நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு கேள்வி, இறங்கி வந்துவிடலாம். அவர் வேறொரு காகிதத்தை எடுத்தார்.

“பள்ளியில் அந்த ஓட்டுக் கட்டடத்தை ஒட்டி மாமரம் இருக்கிறதா?”

“இருக்கிறது.”

“அதன் கிளை கூரை மேல் சாய்ந்திருக்கிறதா?”

“சாய்ந்திருக்கிறது.”

“வேலைக்காரர்கள் அதில் மாங்காய் பறித்து வீட்டுக்குக் கொண்டுபோவது உண்டா?”

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் அவர் கமிஷனர் பக்கம் திரும்பி, பள்ளி தாக்கல் செய்த பதிலில் அதுதான் இருப்பதாகச் சொன்னார்: மனுதாரர் லீவு நாளில் ஆளில்லாத நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, மாங்காய் பறிக்கப் பெஞ்சு மேல் ஏறி விழுந்தாள். அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு, கொடுத்திருக்கிறார்கள்! அந்தப் பதிலை வக்கீல் ஆபீஸில் டைப் செய்ததால் என் கண்ணில் படவில்லை.

ராசாத்தி அப்போதுதான் தலைதூக்கினாள். வாய் திறந்தபடி இருந்தது. பதினெட்டு வருஷம் அந்தப் பள்ளியில் கிடந்த பென்சில் துண்டைக்கூட எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனவள். என் தலைக்குள் ஏதோ கொதித்துக்கொண்டு வந்தது. நான் நல்லவள் என்பதால் உண்மை சொன்னேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆத்திரத்தில் சொன்னேன்.

“கர்க்கடக மாசத்துல எந்த மரத்துல மாங்கா காய்க்குது?” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “மேட மாசத்தோட முடிஞ்சுபோச்சு மாங்கா! மரத்துல இலைதான் இருந்துச்சு. அந்த இலை பாத்தியில அடைச்சுக் கெடந்துச்சு. அதை ஏறி எடுக்கச் சொன்னது நான்!”

டைப் செய்கிற பெண்ணின் கை நின்றது. பள்ளி வக்கீல் ஏதோ சொல்லப் போனார். கமிஷனரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். சுடுதண்ணீர் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

“இதை நான் பதிவு செய்ய வேண்டும். பதிந்தபின் வாபஸ் வாங்க முடியாது. நிதானமாகச் சொல்லுங்கள். அவரை வரச் சொன்னது யார்?”

“நான்தான்.”

“எப்போது?”

“முந்தின நாள் சாயங்காலம். இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டே சொன்னேன். சாவியையும் நான்தான் கையில குடுத்தேன்.”

அவர் ரெஜிஸ்டரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். “இந்தக் கோடு முந்தின நாளே போட்டதா?”

“ஆமாம் மேடம்.”

“ஆக, விடியாத ஒரு நாளில் யாரும் வேலைக்கு வரவில்லை என்று முந்தின நாளே எழுதினீர்கள்?”

 எத்தனை ஆடிட்டர்கள் வந்து அந்த ரெஜிஸ்டரைப் புரட்டி, பேஷ் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்! ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. “எழுதினேன்” என்றேன். 

பள்ளி வக்கீல் இப்போது என்னையே பிறழ்சாட்சியாக வைத்துக் கேள்வி கேட்க அனுமதி வாங்கினார். “உங்களுக்கு ஸ்வீப்பரை வேலைக்கு அழைக்க அதிகாரம் உண்டா? எழுத்தில் இருக்கிறதா?”

“எழுத்தில் இல்லை.”

“மேனேஜர் அழைக்கச் சொன்னாரா?”

“சொல்லலை. வருவாளாயிருக்கும், இல்லையான்னு கேட்டார்.”

“அது கேள்விதானே?”

“சார், இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல அந்தக் கேள்விக்கு நான் ராசாத்தியையும், அவளுக்கு முன்னால இருந்தவளையும் கூப்பிட்டு விட்டிருக்கேன். ஏன் கூப்பிட்டேன்னு ஒரு நாளும் அவர் கேட்டதில்ல. ஒரே ஒரு தடவை ராசாத்தி காய்ச்சல்ல வரலை. அன்னிக்கு மட்டும் ஏன் வரலைன்னு கேட்டார்.”

மேனேஜர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தார், துடைத்தார், மாட்டிக்கொள்ளவே இல்லை. கமிஷனரம்மா சொல்லச் சொல்ல டைப் செய்கிற பெண் அடித்தாள். அச்சான காகிதத்தை வாசித்துக் காட்டிக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். என் கையெழுத்து எனக்கே யாருடையதோ போல் இருந்தது.

வெளியே வராந்தாவில் மேனேஜர் சார் என்னைக் கடந்துபோகும்போது நின்றார். “மோள் க்ஷீணிச்சு போயல்லே?” என்றார். களைத்துவிட்டாய் இல்லையா என்கிறார். அப்போதும் கேள்விதான்! மறுநாளிலிருந்து ரெஜிஸ்டர் என் மேஜைக்கு வரவில்லை. ஓய்வு பெறும்வரை எனக்கு டி.சி. எழுதுகிற வேலை மட்டும். மகளுக்கு கன்ஃபர்மேஷன் வரவில்லை. பத்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள், “மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருந்தா நானே வேலைய விட்டிருப்பேன்ல, இத்தன நாள் எதுக்கு உள்ளுக்குள்ளயே வெச்சுப் புழுங்குனே?” என்று என்னைத்தான் திட்டினாள். இப்போது வல்லார்பாடத்தில் கண்டெய்னர் அனுப்புகிற ஒரு கம்பெனியில் இருக்கிறாள்.

நாலு மாசம் கழித்துத் தீர்ப்பு வந்தது. லீவு நாளானாலும் அழைத்ததால் வந்தாள், பள்ளியின் வேலைக்காகவே ஏறினாள், ஆகவே பள்ளி நஷ்டஈடு தர வேண்டும் என்று இருந்தது. தந்தார்கள். பாத்திக்கு மேலே தகரக் கூரையும் போட்டார்கள். தீர்ப்பில் என்னைப் பற்றியும் ஒரு வரி உண்டு: நாளுக்கு முன்பே எழுதப்பட்ட பதிவு அந்த நாளுக்குச் சாட்சி ஆகாது என்று. சரியான வரிதான். ஆனாலும் படித்தபோது முகம் சுட்டது.

இதையெல்லாம்விட என் மனசில் தங்கியிருப்பது, சாட்சி சொன்ன அன்று சாயங்காலம்தான். வீட்டுக்குத் திரும்ப எறணாகுளம் போட்ஜெட்டியில் நின்றிருந்தேன். ராசாத்தி மெல்ல வாக்கரை ஊன்றி வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். வெலிங்டன் தீவுப் பக்கம் மழை இருட்டிக்கொண்டிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், நன்றி சொல்வாள் என்றெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதை எதிர்பார்த்துத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஏண்டி, என்னைக் காப்பாத்தவா யாரும் கூப்பிடலைன்னு சொன்னே? உனக்குப் பைத்தியமா? கேஸே போயிருக்குமே!” என்றேன்.

“உங்களைக் காப்பாத்தவா?” என்றாள். வாக்கரை ஓரமாகச் சாய்த்து வைத்தாள். “அதெல்லாம் இல்லக்கா. நீங்கதான் கூப்பிட்டீங்கன்னு நான் சொன்னா, அடுத்தாப்புல உங்களை நிக்க வெச்சுக் கேப்பாங்க. நீங்க என் மூஞ்சியப் பாத்து, ‘நான் கூப்பிடலை’ன்னு சொல்லிட்டீங்கன்னா? இடுப்பு ஒடஞ்சதைத் தாங்கிட்டேன். கேஸ் போனாலும் எப்படியாச்சும் தாங்குவேன். அதை மட்டும் காதால கேக்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல.”

நான் அப்படிச் சொல்வேனா என்று கேட்க வாயெடுத்தேன். காலையில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த ‘இல்லை’ என்ற அந்த ஒரு சொல் ஞாபகம் வந்தது. போட் வந்து கயிறு போட்டார்கள். ஆட்கள் இறங்கினார்கள்.

“அப்படிச் சொல்றதுக்குத்தான் வந்தேன், ராசாத்தி” என்றேன்.

“தெரியும்க்கா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.